எட்டுக் கட்டிலும் பச்சை

புதன்கிழமை காலை ஒன்பது பத்துக்கு அந்தக் கடிதத்தைப் படிக்கத் தொடங்கியபோது துடைப்பம் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். படித்து முடித்தபோது சிரிப்பு போய்விட்டது.

எங்கோ ஒரு மாட்டுப்பண்ணைக்காரர் எழுதியிருந்தார். "நேற்று அப்டேட் போட்டேன். அப்போதிலிருந்து எங்கள் பால் குளிரூட்டியின் அபாய மணி அடிக்கவில்லை. ஒரு தொட்டிப் பாலும் கெட்டுவிட்டது. மணிக்காரன் எங்கே போனான்? யார் அவனை எடுத்தது?"

எடுத்தது அவள்தான்.

துடைப்பம் என்பது அண்ணன் வைத்த பட்டப்பேர். சின்ன வயதில் அவன் கடைசி வாயை விழுங்குவதற்குள் தட்டைப் பிடுங்கிக் கழுவி அடுக்கிவிடுவாள். பாதி படித்த பத்திரிகையை மடித்துக் குப்பையில் போடுவாள். "அசையாம உக்காந்திருந்தா என்னையும் கூட்டித் தள்ளிடுவா இந்தத் துடைப்பம்" என்பான் அவன். வளர்ந்து, ஒரு நூலகத்தின் கணினிப் பிரிவில் வேலைக்கு அமர்ந்து, ஓய்வு நேரத்தில் தோப்பில் சேர்ந்தபோது, அங்கே எல்லோரும் புனைபெயர் வைத்திருப்பதைப் பார்த்து அவளும் கூச்சமில்லாமல் அதையே வைத்துக்கொண்டாள்.

தோப்பு என்பது ஒரு இயங்குதளம். அதற்கு முதலாளி கிடையாது. பல நாடுகளில் இருக்கும் சில ஆயிரம் பேர் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் கணினியில் போட்டுக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்தது. தனிமரம் தோப்பாகாது என்பதால் அந்தப் பேர். அதன் மென்பொருள்கள் எல்லாம் பொதி பொதியாகக் கட்டப்பட்டு ஒரு களஞ்சியத்தில் இருக்கும். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பொறுப்பாளர். அவர் கைகழுவிவிட்டுப் போனால் அது அநாதைப் பொதி. அநாதைகளைப் பொறுக்கியெடுத்துக் களஞ்சியத்தை விட்டு வெளியே தள்ளும் வேலை துடைப்பத்துடையது. வேறு யாரும் விரும்பிச் செய்யாத அந்த வேலையில் அவளுக்குக் கொள்ளை ஆசை.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலைக்கு நியாயம் உண்டு. கவனிப்பாரில்லாத பொதியில் ஓட்டை விழும், ஓட்டை வழியே திருடன் நுழைவான். அதற்காகவே ஒரு நடைமுறை வைத்திருந்தார்கள். "இந்தப் பொதியை யாராவது பயன்படுத்துகிறீர்களா?" என்று எல்லோருக்கும் பொதுவான மடலில் கேட்க வேண்டும். முப்பது நாள் காத்திருக்க வேண்டும். யாராவது ஆட்சேபித்தால், "அப்படியானால் இதைத் தத்தெடுத்துக்கொள்ள உங்களால் முடியுமா?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் மௌனம் சம்மதம்.

மணிக்காரன் அப்படித் துடைக்கப்பட்டவன். எங்கோ ஒரு இயந்திரம் அபாயக் குரல் எழுப்பினால், கம்பி வழியே அதைக் கேட்டு, வேறொரு அறையில் இருக்கும் திரைக்குச் சொல்லும் சின்ன நிரல். அதன் பொறுப்பாளர் ஆறு வருடமாக எந்தக் கடிதத்துக்கும் வாய் திறக்கவில்லை. எத்தனை கணினிகளில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாள். பூஜ்யம். எண்ணிக்கொள்ளச் சம்மதித்த கணினிகளை மட்டுமே தோப்பு எண்ணும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பூஜ்யம் பூஜ்யம்தானே என்று விட்டுவிட்டாள்.

ஒரே ஒருவர் மட்டும் பொது மடலுக்கு எழுதாமல் அவளுக்குத் தனியாக எழுதியிருந்தார். "ஐயா, இதை எடுக்க வேண்டாம். நாங்கள் வைத்திருக்கிறோம்." அவ்வளவுதான். எந்த இடம், என்ன வேலை, ஒரு விவரமும் இல்லை. தத்தெடுக்க முடியுமா என்ற வழக்கமான பதிலை வெட்டி ஒட்டி அனுப்பினாள். அதன்பின் அந்த மனிதர் மூச்சு விடவில்லை. முப்பத்தோராம் நாள் அவள் எழுதினாள்: "பூனைக்கு யார் மணி கட்டுவது என்பது பழைய கேள்வி. இங்கே மணி மட்டும் இருக்கிறது. கட்டியவரையும் காணோம், பூனையையும் காணோம். துடைக்கிறேன்." பத்தொன்பது பேர் சிரித்துப் பதில் போட்டார்கள். அவளுக்கு ஒரு வாரம் தலைகால் புரியவில்லை.

இப்போது ஒரு தொட்டிப் பால் போயிருக்கிறது. பாலோடு போனதே என்று நினைத்தபடி மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

அவள் உட்கார்ந்திருந்தது டயாலிசிஸ் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில். இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் காலையில் அண்ணனை அழைத்து வருவாள். ஏழரைக்குக் கையில் இரண்டு ஊசி குத்தி, ஒன்றின் வழியே இரத்தத்தை இயந்திரத்துக்கு இழுத்து, கழுவி, மற்றொன்றின் வழியே உடம்புக்குள் திருப்பி விடுவார்கள். நாலு மணி நேரம். உள்ளே உறவினருக்கு இடமில்லை. கண்ணாடிக்கு இந்தப்புறம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் தோப்பைக் கூட்டிக்கொண்டிருப்பாள்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் சிஸ்டரின் மேசை. மேசைமேல் பெரிய திரை. திரையில் எட்டுக் கட்டங்கள், எட்டுக் கட்டிலுக்கு. எட்டும் பச்சை. வலது மூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மணியின் படம்.

அந்த மணியை இரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஆயிரம் படம் ஒட்டியிருப்பார்கள், அதில் இதுவும் ஒன்று என்று இருந்தாள். இப்போதுதான் அதன் வளைவு உறைத்தது. கீழே கொஞ்சம் கோணலாக, நாக்கு இடதுபக்கம் ஒதுங்கியிருந்தது. துடைப்பதற்கு முன்னால் மணிக்காரனின் பொதியைப் பிரித்துப் பார்த்தபோது, 'பொறுப்பாளருக்கு வரையவும் வராது போல' என்று அவள் கேலி செய்த அதே மணி.

மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள்.

பிரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் படித்திருந்தாள். மணிக்காரன் விழித்திருக்கும்வரை அந்த மணி ஐந்து நொடிக்கு ஒருமுறை கண் சிமிட்டும். திரையில் கட்டங்களை வரைவது வேறொரு நிரல். மணிக்காரன் செத்துப்போனால் அதற்குத் தெரியாது. கடைசியாக என்ன நிறம் சொன்னானோ அதையே காட்டிக்கொண்டிருக்கும்.

கண்ணாடியில் நெற்றி முட்டும்படி எழுந்து நின்று எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. தான் வேகமாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி மெதுவாக எண்ணினாள். பத்து வந்தது. இருபது வந்தது. மணி கண் சிமிட்டவில்லை. எட்டுக் கட்டமும் பச்சைப்பசேலென்று சிரித்துக்கொண்டிருந்தன.

ஏழு கட்டில்கள் உள்கூடத்திலேயே, மேசைக்கு எதிரே இருந்தன. அங்கே ஒரு இயந்திரம் கத்தினால் காது இருக்கிற எவருக்கும் கேட்கும். எட்டாவது கட்டில் கோடியில் ஒரு தனி அறை. இருமல், சளி உள்ளவர்களை மற்றவர்களுக்குத் தொற்றாமல் அங்கே போட்டு, கனமான கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது. அந்த அறைக்குக் காது, கண் எல்லாம் அந்தத் திரைதான்.

அண்ணனுக்கு நேற்றிலிருந்து இருமல். இன்று அவனுக்கு எட்டாவது கட்டில்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். செருப்பைக் கழற்றவில்லை, முகக்கவசம் போடவில்லை. இரண்டாம் கட்டிலில் ஒரு பெரியவருக்கு இரத்த அழுத்தம் இறங்கி, சிஸ்டரும் உதவியாளரும் அவர் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சிஸ்டர்! எட்டாம் நம்பரைப் போய்ப் பாருங்க. உடனே!"

"ஏம்மா, உள்ள வரக்கூடாதுன்னு தெரியும்ல? வெளிய போங்க முதல்ல."

"அந்தத் திரை வேலை செய்யல, சிஸ்டர்."

சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். "எல்லாம் பச்சையாத்தானே இருக்கு?"

"அது பழைய பச்சை. எப்பவோ நின்னுபோச்சு. இப்ப யார் செத்தாலும் அது பச்சையாத்தான் இருக்கும்!"

விழித்திருந்த நோயாளிகள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். சொல்லக்கூடாத சொல்லைச் சொல்லக்கூடாத இடத்தில் சொல்லிவிட்டாள். ஆனால் சிஸ்டர் அவள் முகத்தில் எதைக் கண்டாரோ, பெரியவரின் காலை உதவியாளரிடம் விட்டுவிட்டு நடந்தார். நாலாவது அடியில் நடை ஓட்டமாயிற்று.

கதவைத் திறந்ததும் இயந்திரத்தின் அலறல் கூடத்துக்குள் பாய்ந்தது. எத்தனை நேரமாகக் கத்திக்கொண்டிருந்ததோ தெரியாது. அதன் தலையில் சிவப்பு விளக்கு சுழன்றது. அண்ணன் வாய் லேசாகத் திறந்து, கழுத்துவரை போர்வையோடு, தூங்குகிறவன் மாதிரிக் கிடந்தான். போர்வை இடதுபக்கம் கறுப்பாக இருந்தது. கறுப்பு இல்லை என்று அவளுக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது.

சிஸ்டர் போர்வையை இழுத்து எறிந்தார். இருமி இருமிப் புரண்டதில் ஒரு ஊசி கையைவிட்டு நழுவியிருந்தது. இயந்திரம் தன் கடமைப்படி அபாயம் கண்டு நின்றுவிட்டது. கை நிற்கவில்லை. கட்டில் கம்பி வழியே இரத்தம் சொட்டு சொட்டாகத் தரையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அழுத்திப் பிடிங்க! இங்க, என் விரல் இருக்கிற இடத்துல. விடாதீங்க!"

அவள் பஞ்சை வைத்து அழுத்தினாள். அண்ணனின் தோல் பழைய சோப்பு மாதிரி வெளுத்து வழுக்கியது. 'அண்ணா, அண்ணா' என்று கூப்பிட்டாள். சிஸ்டர் சலைன் குழாயை முழுக்கத் திறந்தார், கட்டிலின் தலைமாட்டைத் தாழ்த்தினார், யாரையோ டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினார். பத்தொன்பது பேர் சிரித்தது அவள் காதுக்குள் கேட்டது. தெய்வமே, இந்த ஒருமுறை, இந்த ஒரே ஒருமுறை என்று யாரிடமோ கெஞ்சினாள். அவளுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது.

டாக்டர் வந்து, அளந்து, ஊசி போட்டு, இன்னும் ஒரு பாட்டில் ஏற்றச் சொல்லி, அரைமணி நேரம் கழித்து, "இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு எங்கிட்ட கேக்காதீங்க" என்றார். அப்போதுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதுவும் முழுசாக வரவில்லை.

அண்ணனுக்கு முகக்கவசம் போட்டுக் கட்டிலோடு தள்ளி வந்து, கண்பார்வையில் இருக்கட்டும் என்று மேசைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். பத்து மணிக்கு மெஷின்காரர் வந்தார். அந்தப் பிரிவின் இயந்திரங்களையும் கம்பிகளையும் கணினியையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பவர். காத்திருக்கும்போது முதுகு வலிக்கிறது என்று ஒருநாள் அவள் சொன்னதற்குத் தன் அறையிலிருந்த மெத்தை நாற்காலியைத் தூக்கிவந்து கொடுத்தவர். நடந்ததைக் கேட்டதும் அந்த மனிதருக்கு வியர்த்துவிட்டது.

"மாசத்துக்கு ஒரு புதன், காலைல எட்டு மணிக்குத் தானா அப்டேட் ஆகும். எல்லாருக்கும் ஊசி போட்டு முடிச்சு யாரும் தொடாத நேரம்னு நான்தான் வச்சேன். அப்டேட்ல இது எப்படிப் போச்சு?"

"நான் பாக்கட்டுமா சார்? எனக்கு இது கொஞ்சம் தெரியும்."

அவர் தயங்காமல் நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் விசைப்பலகையைத் தொட்டாள். விரல் இடுக்கில் இன்னும் அண்ணனின் இரத்தம் காய்ந்திருந்தது. பொதிகளை நிறுவுவதும் நீக்குவதும் ஒரு நிரல். களஞ்சியத்தில் இல்லாததை வீட்டிலும் வைக்கக்கூடாது என்பது அதற்கு இட்ட கட்டளை. இன்று காலை அது எழுதிவைத்த குறிப்பில் மணி எட்டு, நிமிடம் இரண்டு என்று போட்டு, 'மணிக்காரன்: நீக்கப்பட்டது' என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதற்குக் காரணம் என்ற இடத்தில் பூனை, மணி என்று அவளுடைய நகைச்சுவை எழுத்துக்கு எழுத்து வந்து உட்கார்ந்திருந்தது. மெஷின்காரர் படிப்பதற்குள் அதைத் திரைக்கு மேலே தள்ளிவிட்டாள். தள்ளியபோது அவமானமாக இருந்தது.

முன்பு இறக்கிய பொதிகளின் பிரதியை அந்த நிரல் ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கும். அந்த மூலையையும் வாரத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என்று போன மாதம்தான் அவள் தோப்பில் யோசனை சொல்லியிருந்தாள். நல்லவேளை, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூலையில் மணிக்காரன் கிடந்தான். எடுத்து மறுபடி நிறுவினாள். இனி யார் சொன்னாலும் இதை மட்டும் தொடாதே என்று பூட்டுப் போடத் தொடங்கினாள்.

பக்கத்தில் நின்ற மெஷின்காரர் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"இது என் தப்புதான் மேடம். இதை எடுக்கப்போறாங்கன்னு எனக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும்."

அவள் விரல்கள் நின்றன.

"தோப்போட பொதுமடல் வந்தா மேலோட்டமாப் பாப்பேன். துடைப்பம்னு ஒருத்தர். அவர்தான் எடுக்கிறவர். வேண்டாம்யா, நாங்க வச்சிருக்கோம்னு எழுதினேன். ஆஸ்பத்திரி விஷயத்தை வெளிய எழுதக்கூடாதுன்னு இங்க ரூல். அதனால அவ்வளவுதான் எழுத முடிஞ்சுது. அதுக்கு அவர் ஒரு பதில் போட்டார் பாருங்க. தத்தெடுக்க முடியுமான்னு! கம்பி இழுக்கிற ஆளு நான். எனக்கு ஒரு வரி புரோகிராம் எழுத வராது. அவங்கல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க. நமக்கென்ன தெரியும்னு பேசாம இருந்துட்டேன். அன்னைக்கே கூச்சப்படாம இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டிருந்தா, இன்னைக்கு உங்க அண்ணன்..."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இப்படியே இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. துடைப்பம் என்ற பேருக்கு முகமில்லை. மணிக்காரனைப் பூட்டிவிட்டு எழுந்து போனால், இந்த மனிதர் பழியைத் தன் தலையிலேயே சுமந்துகொள்வார், நன்றியும் சொல்லுவார். சொல்லிவிடு என்றது மனசு. அவள் மறுபடி விசைப்பலகைமேல் குனிந்தாள். கட்டில் பக்கம் திரும்பவே பயந்தாள்.

"ஏய் துடைப்பம்..."

அண்ணன் கண் விழித்திருந்தான். முகக்கவசத்தைக் கன்னத்துக்கு இறக்கியிருந்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"என்ன துடைப்பம், பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? செத்துட்டேன்னு நினைச்சியா?"

மெஷின்காரர் கையில் பிடித்த கண்ணாடியோடு அப்படியே நின்றார். அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"நான்தான்" என்றாள் அவள். "அந்தத் துடைப்பம் நான்தான் சார். பதில் எழுதினதும் நான், எடுத்ததும் நான். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

மூலையில் மணி கண் சிமிட்டியது. மறுபடி ஐந்து நொடி கழித்துச் சிமிட்டியது. எட்டாம் கட்டம் சிவப்பாக மாறி, ஆளில்லாத அறைக்காக உரக்கக் கத்தியது. சிஸ்டர் வந்து அதை நிறுத்தினார். மெஷின்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் கத்தியிருந்தால், கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"முப்பது நாளைக்குள்ள பதில் சொல்லணும்னு போட்டிருந்தீங்க. எனக்கு நாள் தாண்டிப்போச்சு. இப்பச் சொல்றேன்" என்றார் அவர் நிதானமாக. "என்னால தத்தெடுக்க முடியாது. உங்களால முடியுமா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"வாயைத் திறந்து சொல்லுங்க மேடம். உங்க இடத்துல மௌனம்னா சம்மதம். இங்க அது செல்லாது."

"முடியும்" என்றாள். இனி அந்தப் பொதியில் எந்த ஓட்டை விழுந்தாலும், எந்த ஆஸ்பத்திரியில் எந்த மணி அடிக்காமல் போனாலும் அது அவளைத்தான் வந்து கேட்கும். பயன்படுத்துகிறவர்களில் இரண்டு பேர் தெரிந்துவிட்டார்கள். இன்னும் எத்தனை கண்ணாடிக்குப் பின்னால் எத்தனை பச்சைக் கட்டங்களோ. வெளியே தள்ளிய நூற்றுச் சொச்சம் பொதிகளும் வரிசையாக நினைவுக்கு வந்தன, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பூஜ்யம். அதில் எது பொய்ப் பூஜ்யம் என்று அவளுக்குத் தெரியாது.

கைக்கு ஏதாவது வேலை தேவைப்பட்டது. எழுந்து அண்ணனிடம் போனாள். உதவியாளர் கொடுத்த தட்டில் இரண்டு பிஸ்கட்டில் ஒன்று கடித்தபடி இருந்தது. அவள் கை பழக்கதோஷத்தில் தட்டைத் தூக்கியது.

"வைடி கீழ" என்றான் அண்ணன். "நான் இன்னும் முடிக்கல."

அவள் தட்டை வைத்துவிட்டு, அவன் தின்று முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.